ஓய்வுக்குப் பின் தச்சு: காசு கேட்காத வரைபட மென்பொருள்கள் – வாசகர் கேள்வி பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரு தச்சுமேசை போட்டுக்கொண்டவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் ஆட்டோகேடில் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற நாளோடு அந்த மென்பொருளும் கையை விட்டுப் போய்விட்டது. ஸ்டூல், புத்தக அலமாரி, பூஜை மாடம், இவைதான் இனி என் வேலை. இதற்காக ஆண்டுச் சந்தா கட்ட மனம் வரவில்லை. எதற்கு மாறலாம்?
– வாசகர், திருச்சி

சந்தா கட்ட வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. அதன்பிறகு ஆட்டோகேடைப் பயன்படுத்தும் காலம் முழுக்கப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் இரண்டு படம் போடுபவருக்கு அது வீண் செலவு.

பழகிய கைக்கு முதலில் ஒத்துவருவது லிப்ரேகேட். இருபரிமாண வரைவுக்கு மட்டுமான திறமூல மென்பொருள். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் வேண்டாம். லேயர், பிளாக், டைமென்ஷன், ஸ்னாப் எல்லாம் உண்டு. க்யூகேட் இதன் மூத்த உறவு. க்யூகேடின் சமூகப் பதிப்பிலிருந்துதான் லிப்ரேகேட் பிரிந்து வந்தது. க்யூகேடின் இலவசப் பதிப்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் தளத்தில் கிடைப்பது தொழில்முறைப் பதிப்பின் சோதனைக் கோப்பு. கூடுதல் வசதிகளைத் தரும் செருகுநிரலை (பிளக்இன்) நீக்கினால்தான் அது இலவசப் பதிப்பாக நிற்கும். இல்லையேல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடைநிறுத்தும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து வேறொருவர் செய்தார். இப்போது வெட்டப்போவது நீங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று பக்கத் தோற்றம் அல்ல. எந்தப் பலகை, எத்தனை, என்ன நீள அகலம் என்ற வெட்டுப்பட்டியல். கோடுகளால் ஆன படத்திலிருந்து அதைக் கையால் எண்ணித்தான் எடுக்க வேண்டும், எண்ணும்போதுதான் தப்பு வரும். ஒவ்வொரு பலகையும் தனித்தனித் திடப்பொருளாக இருக்கும் முப்பரிமாண மென்பொருளில் பட்டியல் படத்திலிருந்தே வந்துவிடும். அதற்கு எங்கள் தேர்வு ஃப்ரீகேட். இதுவும் திறமூலம், 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. எனவே முதல் மாதம் லிப்ரேகேடில் இரண்டு சிறிய வேலைகளை முடியுங்கள். பிறகு ஃப்ரீகேடுக்குப் போங்கள். முதல் நாளே ஃப்ரீகேடைத் திறந்தால் அதன் பணிமேடைகளின் (ஒவ்வொரு வகை வேலைக்கும் உள்ள கருவித் தொகுப்புகளின்) எண்ணிக்கையே மலைப்பாக இருக்கும்.

ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு உலாவியில் ஓடுகிறது. கற்க எளிது. ஆனால் இணையம் கட்டாயம், செருகுநிரல் சேர்க்க முடியாது, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. அதில் வரைவதானால் ஒவ்வொரு பலகையையும் வரைந்தவுடனே காம்போனென்ட், அதாவது தனிப் பொருள், ஆக்கிவிடுங்கள். தவறினால் அடுத்த பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றை நகர்த்தினால் மற்றது இழுபடும். ஆட்டோடெஸ்கின் முப்பரிமாண மென்பொருளான ஃப்யூஷனின் தனிநபர் இலவச உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்களை மட்டுமே திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம்.

"இலவசம்" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். டிராஃப்ட்சைட் என்ற வரைவு மென்பொருளின் இலவசப் பதிப்பை நம்பிப் பலர் ஆண்டுக்கணக்கில் படம் சேர்த்தார்கள். 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு அது இயங்கவில்லை. ஒரு நிறுவனம் விருப்பப்பட்டுத் தருவதை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டிலும் அந்தப் பயம் இல்லை. செய்த ஸ்டூலைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றாலும் உரிமச் சிக்கல் வராது.

தெரிந்தவர் யாராவது "கிராக்" பதிப்பு தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அதை நிறுவ முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் அதே கணினியில் அந்த வேலை வேண்டாம்.

என் பழைய சொந்தப் படங்கள் 200-க்கு மேல் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்புகளாக உள்ளன. லிப்ரேகேடில் சில திறக்கின்றன, சில அரைகுறையாக வருகின்றன, சில வெற்றுத் திரையாக நிற்கின்றன.
– வாசகர், கோவை

லிப்ரேகேட் டிடபிள்யூஜியை ஓரளவுதான் படிக்கும், அந்த வடிவில் சேமிக்காது. அதன் சொந்த வடிவம் டிஎக்ஸ்எஃப். ஒவ்வொன்றாகத் திறந்து போராடுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றிவிடுங்கள். ஓப்பன் டிசைன் அலையன்ஸ் தரும் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் இதற்கென்றே உள்ள இலவசக் கருவி. மூலக் கோப்புறை ஒன்று, வெளியீட்டுக் கோப்புறை வேறொன்று காட்டுங்கள். வெளியீட்டு வகையில் 2007 ஆஸ்கி டிஎக்ஸ்எஃப் தேர்ந்தெடுங்கள். உட்கோப்புறைகளையும் சேர்க்கும் கட்டத்தையும், தணிக்கை செய்யும் கட்டத்தையும் குறியிடுங்கள். மிகப் பழைய ஆர்12 வடிவுக்குப் போக வேண்டாம். ஸ்ப்ளைன் வளைவுகள் துண்டு துண்டான கோடுகளாகச் சிதையும்.

மாற்றியபின் மூன்று இடங்களில் பிழை தெரியும். எழுத்துரு மாறியிருக்கும், அது பெரிதல்ல. எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வேறு கோப்பிலிருந்து, இணைத்திருந்த படங்கள் காணாமல் போயிருக்கும். ஆட்டோகேட் இன்னும் கையில் உள்ளவர்கள் அங்கேயே 'பைண்ட்' செய்து ஒரே கோப்பாக்கிவிட்டு மாற்றுவது நல்லது. மூன்றாவதுதான் ஆபத்தானது: அலகு. அங்குலத்தில் வரைந்த படம் மில்லிமீட்டராகத் திறந்து, 36 அங்குல மேசை 36 மி.மீ. என்று அளவு காட்டும். தெரிந்த ஒரு நீளத்தை அளந்து பாருங்கள். பிசகியிருந்தால் முழுப் படத்தையும் தேர்ந்து, 0,0 புள்ளியை மையமாக வைத்து 25.4 மடங்கு பெரிதாக்குங்கள்.

லிப்ரேகேடில் பேப்பர் ஸ்பேஸ் கிடையாது. லேஅவுட் தாள்களில் போட்ட தலைப்புக் கட்டமும் குறிப்புகளும் வராது. அவை தேவை என்றால் ஆட்டோகேட் இருக்கும்போதே பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிப்ரேகேடில் கோடு தொடங்கி 600,0 என்று அடித்தால் கோடு எங்கோ போகிறது. ஆட்டோகேடில் சரியாக வந்ததே?
– வாசகி, மதுரை

ஆட்டோகேடில் டைனமிக் இன்புட் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது புள்ளி தானாகவே முந்தைய புள்ளியிலிருந்து கணக்காகும். லிப்ரேகேட் நீங்கள் அடித்ததை 0,0 என்ற மூலப்புள்ளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. @600,0 என்று அடியுங்கள். நேர் மேலே 450 போக வேண்டுமா, @450<90. இந்த @ குறி ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும்.

இன்னொன்றையும் கேட்பீர்கள்: அளவு எண்கள் எறும்பு போலத் தெரிகின்றனவே என்று. இயல்பான எழுத்து உயரம் 2.5 மி.மீ. 1800 மி.மீ. உயர அலமாரியை 1:10-இல் ஏ4 தாளில் அச்சிடப்போகிறீர்கள் என்றால், நடப்புப் படத்தின் அமைப்புகளில் டைமென்ஷன் பகுதிக்குப் போய் பொது அளவு மடங்கை 10 ஆக்குங்கள். தாளில் எழுத்து 2.5 மி.மீ. ஆகவே விழும்.

900 அகலம், 1800 உயரம், 300 ஆழத்தில் புத்தக அலமாரி. 18 மி.மீ. ப்ளைவுட். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நான்கு தட்டு. ஒரு ஷீட் போதும் என்று நினைத்தேன், கடையில் இரண்டு வேண்டும் என்கிறார்கள். ஃப்ரீகேடில் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், சேலம்

கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அளவைக் கொஞ்சம் மாற்றினால் ஒரு ஷீட்டே போதும். கணக்கைப் பாருங்கள்.

8×4 அடி ஷீட் என்பது 2440×1220 மி.மீ. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் 3 மி.மீ. தின்னும். 300 அகலத்தில் நான்கு பட்டை எடுத்தால் 1200 மரம், 9 மி.மீ. வெட்டு, மொத்தம் 1209. சரி. இரண்டு பட்டைகளில் பக்கப்பலகைகள், தலா 1800. மிச்சம் இரண்டு பட்டைகளில் தட்டுகள். வெளி அகலம் 900 என்றால் தட்டின் நீளம் 900-இல் இரண்டு தடிமன் கழிய 864. 2440-இல் 864 இரண்டுதான் வரும். இரண்டு பட்டையில் நான்கு; உங்களுக்கு வேண்டியது ஆறு. இரண்டே தட்டுக்காக இரண்டாவது ஷீட்!

தட்டை 800 ஆக்குங்கள். 800×3, வெட்டு 6, ஆக 2406. ஒரு பட்டையில் மூன்று, இரண்டு பட்டையில் ஆறு. 34 மி.மீ. மிஞ்சுகிறது, ஷீட்டின் அடிபட்ட ஓரங்களைச் சீவ அது வேண்டும். வெளி அகலம் 836 ஆகும். ஆழத்தையும் 295 ஆக்கினால் குறுக்கே 31 மி.மீ. கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. சீரான பாரத்தில் தட்டு தொய்வது நீளத்தின் நான்காம் அடுக்கில் கூடும்; 864-மி.மீ. தட்டு 800-ஐவிட ஏறத்தாழ 36 விழுக்காடு அதிகம் தொய்யும். அப்படியும் கனமான புத்தகங்கள் என்றால் 18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 800 என்பது கொஞ்சம் நீளம்தான். தட்டின் முன் ஓரத்தில் 40 மி.மீ. உயரத் தேக்குப் பட்டை ஒன்றைப் பசையிட்டு ஒட்டிவிடுங்கள்.

ப்ளைவுட்டின் மேல்முகத்தில் இழை பெரும்பாலும் 8 அடி நீளவாக்கில் ஓடும். மேலே சொன்ன வெட்டில் தட்டுகளின் நீளமும் இழையோடு போகிறது. இடம் மிச்சம் பிடிக்க ஒரு தட்டைக் குறுக்கே திருப்பி வெட்டினால் அது மட்டும் தொய்யும்.

இனி ஃப்ரீகேட். இப்படி அளவை மாற்றிப் பார்ப்பதற்குத்தான் அது. முதலில் ஸ்ப்ரெட்ஷீட் பணிமேடையில் ஒரு அட்டவணை திறந்து நான்கு எண்களை இடுங்கள்: வெளி அகலம் 836, உயரம் 1800, ஆழம் 295, தடிமன் 18. ஒவ்வொரு கட்டத்தையும் வலச்சொடுக்கி, பண்புகளில் ஓர் அலியாஸ் பெயர் கொடுங்கள். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இது: தடிமனுக்கு டி18 என்று பெயரிட்டால் ஃப்ரீகேட் ஏற்காது, காரணம் அது ஏற்கெனவே அட்டவணையில் டி நிரல், 18-ஆம் வரிசைக் கட்டத்தின் முகவரி. மி.மீ. போன்ற அலகுக் குறிகளும் கூடாது. முழுச் சொல்லாக எழுதுங்கள்.

அடுத்து பார்ட் பணிமேடையில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பெட்டி. ஸ்கெட்ச், பேட் எல்லாம் பிறகு கற்கலாம்; சதுரப் பலகைக்குப் பெட்டியே போதும். பெட்டியின் பண்புப் பட்டியலில் நீளத்துக்கான கட்டத்தைச் சொடுக்கினால் நீல நிற எஃப்எக்ஸ் குறி தெரியும். அதை அழுத்தி, எண்ணுக்குப் பதில் சூத்திரம் எழுதுங்கள்: தட்டின் நீளம் என்றால் அட்டவணையின் வெளி அகலம் கழித்தல் இரண்டு மடங்கு தடிமன். இருப்பிடத்தையும் சூத்திரத்தாலேயே கட்டுங்கள். அதை விட்டுவிட்டால் அகலத்தைக் குறைத்ததும் வலது பக்கப்பலகை பழைய இடத்திலேயே நிற்கும், தட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். ஒவ்வொரு பெட்டிக்கும் அப்போதே பெயர் வையுங்கள். "பெட்டி 007" என்று இருந்தால் பட்டியலில் எது தட்டு, எது பக்கம் என்று தெரியாது.

எல்லாம் முடிந்தபின் ஆடான் மேனேஜரில் உட்வொர்க்கிங் என்ற பணிமேடையை நிறுவி, ஃப்ரீகேடை மூடித் திறங்கள். அதில் உள்ள கெட் டைமென்ஷன்ஸ் கருவி பலகைகளை எண்ணி, அளவோடு பட்டியலைத் தனி அட்டவணையாகத் தரும்.

பின்பலகையில் கவனம். 6 மி.மீ. ப்ளைவுட்டைப் பக்கப்பலகைகளில் காடி எடுத்து, பின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி இறக்கினால், தட்டுகளின் ஆழம் 295 அல்ல, 16 குறைந்து 279. திரையில் ஒரு பலகை இன்னொன்றுக்குள் புகுந்து நிற்பது கண்ணுக்கே தெரியாது. முன்புறத்திலிருந்து மட்டும் பார்க்காமல் மேலிருந்தும், கம்பிவடிவத் தோற்றத்திலும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, ஷீட் வீட்டுக்கு வந்த பிறகே தடிமன் எண்ணை உறுதி செய்யுங்கள். 18 என்று விற்பது பெரும்பாலும் சரியாக 18 இருப்பதில்லை. வெர்னியரால் நான்கு மூலையிலும் அளந்து, வந்த எண்ணை அட்டவணையில் இடுங்கள். படம் முழுக்கத் தானாக மாறும். 17.4 மி.மீ. பலகையை 18 மி.மீ. காடியில் இறக்கினால் ஆட்டம் கொடுக்கும், பசை அதை நிரப்பாது.

சிறு மேசைக்கு டிராயர் செய்தேன். படத்தில் கச்சிதமாக இருந்தது. மாட்டும்போது இறுகி நின்றுவிட்டது. டெலஸ்கோப்பிக் சேனல், திறப்பு 500 மி.மீ.
– வாசகர், ஈரோடு

மைக்கா ஒட்டினீர்களா? பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும். இந்தச் சேனல்களுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் வேண்டும். ஆகவே 500 திறப்புக்கு டிராயர் பெட்டியின் வெளி அகலம் 474. அதுவரை படம் சரி. மேசையின் உட்பக்கம் இரண்டிலும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் திறப்பு 498. டிராயரின் வெளிப்பக்கம் இரண்டிலும் ஒட்டினால் பெட்டி 476. நான்கு மி.மீ. போய்விட்டது, சேனல் சிக்காமல் என்ன செய்யும்?

மைக்காவுக்கு அட்டவணையில் தனி எண் வையுங்கள். டிராயர் அகலச் சூத்திரம் திறப்பிலிருந்து 26-ஐயும், நான்கு மைக்கா தடிமனையும் கழிக்கட்டும். செய்துவிட்ட டிராயருக்கு: பக்கங்களில் மைக்காவைச் சூடுகாட்டி உரித்தாலே 2 மி.மீ. கிடைக்கும்; மீதியை இழைப்புளியால் பக்கத்துக்கு 1 மி.மீ. சீவுங்கள். பெட்டி சிறிதாகிவிட்டால் கவலையில்லை, சேனலுக்குப் பின்னால் மைக்காத் துண்டு வைத்து நிரப்பலாம். அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு மி.மீ. குறைத்தே வெட்டுங்கள்.

வளைந்த கால்களுக்கு முழு அளவில் அச்சிட்டு மரத்தில் ஒட்டி வெட்டினேன். நான்கு காலும் 15 மி.மீ. அளவுக்குக் குட்டை.
– வாசகர், தஞ்சாவூர்

அச்சு உரையாடலில் "தாளுக்குள் பொருத்து" என்பது தேர்வாகியிருந்திருக்கும். அது படத்தை மூன்று, நான்கு விழுக்காடு சுருக்கிவிடும். "உண்மை அளவு" அல்லது 100 விழுக்காடு என்று மாற்றுங்கள். படத்தின் ஓரத்தில் 100×100 மி.மீ. சதுரம் ஒன்றை எப்போதும் வரைந்து வையுங்கள். அச்சானதும் எஃகு அளவுகோலால் இரண்டு திசையிலும் அளந்தபிறகே ஒட்டுங்கள். ஏ4-க்கு மீறிய படத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரின் போஸ்டர் தேர்வில் அளவு 100, மேற்பொருத்தம் 10 மி.மீ., வெட்டுக்குறிகளோடு அச்சிடுங்கள். தாள்களை ஒட்டும்போது ஓரத்தை நம்பாதீர்கள், வெட்டுக்குறிகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். பிறகு அச்சுத்தாளைக் கார்ட்போர்டில் ஒட்டி ஒரு மாதிரி வெட்டுங்கள். நான்கு காலையும் அந்த ஒரே மாதிரியிலிருந்து வரைந்தால், பிசகினாலும் ஒன்றுபோலவே பிசகும், ஸ்டூல் ஆடாது.

கண் புரை அறுவை செய்துகொண்டேன். கறுப்புத் திரையில் மெல்லிய கோடுகள் தெரியவில்லை. மடிக்கணினியின் தொடுபலகையில் ஃப்ரீகேடைச் சுழற்றவும் முடியவில்லை.
– வாசகி, புதுச்சேரி

லிப்ரேகேடின் செயலி அமைப்புகளில் பின்னணியை வெளிர் சாம்பலாக்குங்கள், லேயர்களுக்கு அடர்நிறம் கொடுங்கள். மஞ்சளையும் வெளிர்பச்சையையும் தவிருங்கள். ஃப்ரீகேடின் காட்சி அமைப்பில் வழிசெலுத்தும் முறையை டச்பேட் அல்லது ஜெஸ்சர் என்று மாற்றலாம். ஆனால் உருளை உள்ள மவுஸ் சில நூறு ரூபாய்தான். அதையே வாங்கிக்கொள்ளுங்கள், மணிக்கட்டுக்கும் நல்லது.

படம் மில்லிமீட்டரில், மரக்கடையில் கனஅடி, ஆசாரி நூல் கணக்கில் பேசுகிறார். ஒரு தேக்கு ஸ்டூலுக்கு எவ்வளவு மரம் கேட்பது?
– வாசகர், செங்கோட்டை

ஒரு அங்குலம் எட்டு நூல்; ஒரு நூல் 3.175 மி.மீ. கனஅடிக்கு, அகலமும் தடிமனும் அங்குலத்தில், நீளம் அடியில் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 2×2 அங்குலம், ஒன்றரை அடி நீளத்தில் நான்கு கால்: 2×2×1.5×4 வகுத்தல் 144, அதாவது 0.167. கால்களை இணைக்கும் சட்டம் 3×1 அங்குலம், ஓர் அடி, நான்கு: 0.083. கூட்டினால், இருக்கைப் பலகை நீங்கலாக, 0.25 கனஅடி. சேதாரத்துக்கும் வெடிப்பு, கணு விலக்குவதற்கும் சேர்த்து 0.3 கேளுங்கள்.

கடையில் தருவது அறுத்த அளவு. இழைத்தால் முகத்துக்கு 2 முதல் 3 மி.மீ. போகும். 2 அங்குலக் கால் இழைத்தபின் 45 மி.மீ., அதாவது ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. 1 அங்குலச் சட்டம் 20 மி.மீ. படத்தில் இந்த இழைத்த அளவையே வையுங்கள். கழுந்தின் (துளைக்குள் இறங்கும் முனையின்) தடிமனும் துளையின் அகலமும் அதிலிருந்துதான் வர வேண்டும்: 20 மி.மீ. சட்டத்துக்குக் கழுந்து அதில் மூன்றில் ஒரு பங்கு, கையில் உள்ள கால் அங்குல உளி சரியாக இறங்கும். நீளத்தில் துண்டுக்கு ஓர் அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். மரத்தின் முனைகளில் வெடிப்பு இருக்கும், அதை அறுத்து எறிந்த பிறகே அளவு குறிக்க வேண்டும்.